தண்ணி அண்ணையின் இரண்டு அர்த்தங்கள்

தண்ணீர் குடித்தே கெட்ட பெயர் எடுத்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் கனடாவில், ஸ்காபரோவில், ரொட்டி சுடும் எங்கள் பாண் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தார்.

தொண்ணூறுகளில் நான் அங்கே தட்டுக் கழுவப் போனபோது, கூட வேலை செய்த செல்வம் அந்த வெள்ளைக்காரரின் சட்டையில் இருந்த குடும்பப் பெயரை எழுத்துக்கூட்டினான். ட்ரிங்க்வோட்டர்.

"அண்ணை, உந்தாளின்ர பேரே தண்ணியடிதான்!"

அன்றிலிருந்து அவர் தண்ணி அண்ணை.

பெயருக்கேற்ப, பெரிய போத்தலோடுதான் நடப்பார். பனி கொட்டும் நாளிலும் கோப்பையை நீட்டுவார். குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நிற்பார். கழிவறை வாசலில் எப்போதும் எங்கள் ஆட்களின் வரிசைதான். போத்தலுக்குள் மூக்கை விட்டு மணந்து பார்த்தவர்களும் உண்டு. வெறும் தண்ணீர்.

ஒருநாள் சாப்பாட்டு நேரம், தமிழில் 'தண்ணி'க்கு இன்னொரு பொருள் உண்டென்று செல்வம் அவரிடமே சொல்லிவிட்டான். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்காமல் ஏதோ சொன்னார். செல்வம் மொழிபெயர்த்தான்.

"தன்ர பேருக்கும் ரெண்டு அர்த்தமாம். அந்தக் காலத்து இங்கிலாந்தில எல்லாரும் பியர் குடிக்கேக்க, அதுக்கும் வழியில்லாமல் தண்ணி குடிச்ச ஏழை, ஒண்டு. மற்றது, முழுக் குடிகாரனைப் பகிடிக்குக் கூப்பிட்டது. உங்கட பகிடி எங்களிட்ட எப்பவோ வந்திட்டுது எண்டுறார்."

பிறகு செல்வத்தின் குரல் இறங்கியது.

"தகப்பன் ரெண்டாவதாம். தானும் ரெண்டாவதாம். மகள் கதவைச் சாத்தின நாளிலயிருந்து முதலாவதாம்."

அதைப் பக்கத்து ஊரான விட்பியில் இருந்த அந்த மகள் நம்பவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவர் தொழிற்சாலைத் தொலைபேசியில் அவளை அழைத்து, ஒரு சொட்டும் தொடவில்லை என்பார். மறுமுனை வைத்துவிடும். அன்று எங்களுக்கு ஆளுக்கு இரண்டு கோப்பை.

அவருடைய ஈரல் மட்டும் பழசை மறக்கவில்லை. ஒரு மாசி மாதம் செத்துப்போனார்.

செல்வத்துக்கு ஷிப்ட். செத்தவீட்டுக்கு நான் தனியே போய் மூலையில் நின்றேன். மகள் வந்து, என்னை யாரென்று கேட்டாள். தொழிற்சாலை என்றேன். அப்பா அங்கே குடித்தாரா என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் நாலைந்து சொல்தான்.

"ட்ரிங்க் வோட்டர்," என்றேன்.

"அது அவருடைய பெயர்," என்றாள் களைப்போடு.

"நோ நேம்," என்றேன். வாயருகே கையைக் கோப்பையாக்கிக் காட்டினேன். "வோட்டர். எவ்ரிடே. ஒன்லி வோட்டர்."

அவள் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பெட்டிக்குப் பக்கத்தில் போய் இருந்து அழுதாள்.

இப்போதும் எங்கள் வீட்டுக்கு எவர் வந்தாலும் தேநீருக்கு முன் ஒரு கோப்பை தண்ணீர் கொடுக்கிறேன். குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நிற்கிறேன்.