பதினாறு கோர் தர மறுத்த ஸ்டூல் அண்ணே

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே, பொருளை விற்காமல் இருப்பதற்காகக் கடை திறந்து வைத்திருந்த ஒரே வியாபாரி ஸ்டூல் அண்ணேதான். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் அவருடைய கம்ப்யூட்டர் கடை இருந்தது. மூச்சு வாங்க அந்தப் படியேறிப் போய், கேட்ட பொருளைக் கேட்டபடியே வாங்கிக்கொண்டு இறங்கியவர் யாராவது இருந்தால் எனக்கு எழுதிப் போடுங்கள். அந்த மகராசனை நேரில் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலை ரப்பர் கயிற்றால் கட்டிக்கொண்டுதான் எங்கும் போவார், அதனால் ஸ்டூல் அண்ணே. கம்ப்யூட்டர் வேண்டும் என்று யார் கேட்டாலும், "நாளைக்கு வரேன். நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க" என்பார். மறுநாள் சொன்னபடி வந்து, நம் முதுகுக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். மடியில் ஒரு நோட்டு. கழுத்தில், முட்டை அவிக்க வைத்திருப்பார்களே, அந்த மாதிரி ஒரு டைமர். திரையில் எதற்காவது நாம் காத்திருந்தால் டைமரை அமுக்குவார். காத்திருப்பு முடிந்ததும் மறுபடி அமுக்கி, நோட்டில் எழுதிக்கொள்வார். இப்படி ஒரு நாள், இரண்டு நாள், சிலருக்கு ஒரு வாரம்.

எல்லாம் முடிந்தபிறகு அவருக்கு ஒரே கேள்விதான்: "உங்களுக்கு ஆளு வேணுமா, கை வேணுமா?"

கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசசரில் கோர் எத்தனை என்பது ஆள் கணக்கு. கிளாக் ஸ்பீட் என்பது ஒவ்வொரு ஆளின் கைவேகம். இரண்டும் கொட்டிக் கிடக்கிற ப்ராசசரை வாங்கினால் என்ன என்று கேட்டால் அவருக்குக் கோபம் வந்துவிடும்.

"ரொட்டிக் கடையில பத்து மாஸ்டர் நின்னா பத்து மேசைக்கும் ஒரே நேரத்துல ரொட்டி சானாய் வரும், சரி. நீங்க ஒத்தையில போயி உக்காந்து ஒரே ஒரு ரொட்டி கேட்டா? பத்து பேரும் சேர்ந்தா அதப் புரட்டுவாங்க? ஒருத்தன்தான் போடணும் லா. அவன் கை வேகமா இருக்கணும். முதல்ல உங்களுக்கு எத்தன ரொட்டின்னு சொல்லுங்க!"

பெட்டாலிங் ஜெயாவில் வீட்டிலிருந்தே டியூஷன் எடுக்கும் ஒரு ஆன்டி, இருக்கிறதிலேயே பெரிய ப்ராசசர் வேண்டும், பாடம் நடக்கும்போது படம் உறைந்து உறைந்து நிற்கிறது என்று இவரைக் கூப்பிட்டார். ஸ்டூல் அண்ணே இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். ஆறாம் வகுப்பு அறிவியலில் ஒரு பாடத்தை முழுசாகக் கற்றுக்கொண்டார். பிறகு எழுந்து நின்று, "கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் இல்ல ஆன்டி. மீன் தொட்டிய நகத்துங்க" என்றார். இன்டர்நெட் பெட்டி, நாலடி நீளத் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்தது; சிக்னல் அவ்வளவு தண்ணீரைத் தாண்டி வரவில்லை. தொட்டியை நகர்த்தினார்கள், பாடம் தண்ணீர்போல ஓடியது. இவர் ஸ்டூலை மடித்துக்கொண்டு, சரி, பிளாஸ்டிக் ஸ்டூல் மடங்காது, தலைகீழாகக் கவிழ்த்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கிள்ளானில் ஒரு ஜோதிடர். எண்கள் மேல் அவருக்கு இருந்த பக்தியில், வேறெங்கோ போய்ப் பதினாறு கோர் வாங்கிவிட்டார். பதினாறு பேறு என்று கணக்கு. அப்படியும் ஜாதகக் கட்டம் விழுவதற்குள் வந்தவர் கொட்டாவி விட ஆரம்பித்துவிடுகிறார். ஸ்டூல் அண்ணே உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திரையில் கோருக்கு ஒன்றாகப் பதினாறு சின்னக் கட்டங்களைத் திறந்து காட்டினார். ஒன்று மட்டும் உச்சிக்கு ஏறித் துடித்துக்கொண்டிருந்தது.

"சாமி, உங்க ஜாதக சாப்ட்வேர் ரொம்பப் பழசு. ஒருத்தன வேல வாங்கத்தான் அதுக்குத் தெரியும். அவன் செத்துகிட்டு இருக்கான். மீதி பதினஞ்சு பேரும் வேடிக்கை பாக்குறானுங்க."

"இதுக்கு என்ன பரிகாரம்?" என்று ஜோதிடர் கேட்டாராம்.

"பண்டமாரான்ல ஒருத்தரு கார்ட்டூன் படம் செய்யிறாரு. அவர்கிட்ட இருக்கறது ஆறே ஆளு, ஆனா கை பறக்கும். அவருக்கு ஆளுதான் பத்தல. உங்களோடது அவருக்கு, அவரோடது உங்களுக்கு."

இப்படிப் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற மாதிரி இரண்டு வீட்டாரையும் பேசி முடித்துவைத்தார். இரண்டு பக்கமும் சந்தோஷம். இவர் புதிதாக ஒரு திருகாணிகூட விற்கவில்லை.

அப்போது நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டூடியோவில் எடிட்டராக இருந்தேன். எங்கள் பாஸ் நல்ல மனிதர், பொறாமை ஒன்றுதான் கொஞ்சம் தூக்கல். கிள்ளானில் உள்ள போட்டிக் கடைக்காரர் பதினாறு கோர் மெஷின் போட்டுவிட்டார் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. நமக்கும் பதினாறு வேண்டும் என்று ஸ்டூல் அண்ணேயின் மாடிப்படியை ஏறினார்.

மறுநாள் திங்கட்கிழமை. என் முதுகுக்குப் பின்னால் ஸ்டூல் வந்து இறங்கியது. மூன்று நாள்! நான் கொட்டாவி விட்டால் பின்னால் பேனா ஓடும் சத்தம் கேட்கும். தலையைச் சொறியக்கூட கூச்சமாக இருந்தது. "யாரும்மா அந்த ஆளு, உன் பின்னாடியே உக்காந்திருக்காரு?" என்று மதியச் சாப்பாடு கொண்டுவந்த என் கணவர் ஒரு மாதிரியாகக் கேட்டுவிட்டுப் போனார்.

புதன்கிழமை மாலை தீர்ப்பு வந்தது.

"பாஸ், இந்தத் தங்கச்சி நாள் பூரா வெட்டுது, ஒட்டுது, முன்ன பின்ன ஓட்டிப் பாக்குது. அதுல கைதான் பேசும். ஆளு வேண்டியது கடைசியில எக்ஸ்போர்ட் பண்றப்பதான். முழுப் படத்தையும் ஒரே ஃபைலாக்கி வெளிய எடுக்கறது. அந்த நேரத்துல இது எங்க இருக்கு?" நோட்டைப் புரட்டினார். "திங்கக்கிழம, கீழ போயி வடை சாப்பிடுது. செவ்வாக்கிழம, வடை. புதன்கிழம, வடை, அப்புறம் பூக்கடை அக்காகிட்ட பேச்சு. இது வடை திங்கிறதுக்கு எதுக்கு பாஸ் பதினாறு ஆளு? எட்டு போதும். கை மட்டும் நல்ல வேகமா உள்ளதாப் போட்டுத் தரேன்."

எனக்கு மானம் போயிற்று. ஆனால் எட்டுக் கோர் வந்து உட்கார்ந்ததும், அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. மவுஸை நகர்த்தினால் படம் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அரை நாள் வேலை காபி ஆறுவதற்குள் முடிந்தது.

அந்த வாரச் சனிக்கிழமை கிள்ளானில் ஒரு கல்யாணம். காலையில் கோயிலில் தாலி, மாலையில் மண்டபத்தில் விருந்து. காலையில் எடுத்ததை மாலைக்குள் வெட்டி ஒட்டி விருந்தில் போட்டுக் காட்ட வேண்டும். வழக்கமான வேலைதான், ஆனால் இந்த முறை அவசரம் வழக்கமானதில்லை. பெண்ணின் அப்பா இரண்டு வாரமாக நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். மகளைத் தாரைவார்த்துக் கொடுத்தது பெரியப்பா. அப்பாவை மாலையில் கொஞ்ச நேரம் மட்டும் ஒரு நர்ஸோடு அனுப்புகிறார்கள். ஏழே முக்காலுக்கு அவர் வேனில் ஏறிவிட வேண்டும். மகள் கழுத்தில் தாலி ஏறியதை அவர் பார்ப்பது என் கையில் இருந்தது. "அப்பா பாத்துடுவாருல்ல அக்கா?" என்று கல்யாணப் பெண் என்னிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

மேடைக்குப் பக்கத்து அறையில் மெஷினை வைத்து வேலை செய்தேன். ஆறு மணிக்கு எல்லாம் முடிகிற நேரம் பார்த்துத் தாய்மாமன் வந்து, அவர் சீர்த் தட்டோடு நடந்துவந்த காட்சி இல்லாமல் இந்த வீடியோ ஓடாது என்று கதவை அடைத்து நின்றார். அவரையும் சேர்த்து, எக்ஸ்போர்ட் பட்டனை அமுக்கியபோது ஏழு பத்து. திரை சொன்னது: இன்னும் நாற்பத்தைந்து நிமிடம்.

ஏழே முக்காலுக்கு அப்பா கிளம்பிவிடுவார். பாஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். திரும்பிப் பார்த்தால், வாசலில் ஸ்டூல் அண்ணே! தான் செய்து கொடுத்த மெஷினின் முதல் வெளிவேலையைப் பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராதாம், கூட்டரசு நெடுஞ்சாலை ஜாமில் மோட்டாரிலேயே வந்திருக்கிறார்.

திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"நான் திங்கள், செவ்வாய், புதன் உக்காந்தேன்," என்றார். "கல்யாண வேல சனிக்கிழமதானே. சனிக்கிழம உக்காரலையே. தப்பு என்னோடது பாஸ். இதுக்கு ஆளு வேணும். நான் எட்டு போதும்னுட்டேன்."

பாஸ் வாயைத் திறந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "இப்ப என்னாண்ணே செய்யிறது?" என்று மட்டும் கேட்டார்.

"தங்கச்சி, நீ வெட்டி ஒட்டுறப்ப படம் அதுலயே ஓடுதுல்ல? தடுக்காம ஓடுதா?"

"நல்லா ஓடுதுண்ணே. ஆனா தாலி கட்டுற எடத்துல மினுமினுப்பு, பூ மழை எல்லாம் போட்டு மெதுவா ஓட விட்டிருக்கேன். அங்க மட்டும் நின்னு நின்னு போகுது."

"அந்த மினுமினுப்பையெல்லாம் எடுத்துடு. எக்ஸ்போர்ட்ட நிறுத்து. ஃபைலு யாரு கேட்டா? நீ வேல பாக்குற எடத்துலேருந்தே நேரா பெரிய திரையில ஓட்டு. கைதானே நமக்கு இருக்கு? அத வெச்சு ஓட்டுவோம்."

மெஷினை அணைத்து மேசையோடு தூக்கி, மேடை அலங்காரத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தோம். மேசையின் ஒரு காலைத் தாய்மாமனும் பிடித்தார், அவர் காட்சி அதற்குள் அல்லவா இருக்கிறது. மண்டபத்துக் கேபிள் பழசு. விட்டால் நழுவியது, பிடித்தால் படம் வந்தது. ஸ்டூல் அண்ணே இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்டிக் மல்லிகைச் சரங்களுக்கு நடுவே நின்றார். ஏழு இருபத்தைந்துக்கு நான் ஓட விட்டேன்.

பன்னிரண்டு நிமிடம் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. தாலி கட்டும் காட்சி வந்தது. பூ மழை இல்லை, மினுமினுப்பு இல்லை. அந்தப் பெண் தலையைக் குனிந்திருக்கிறாள், கண் மட்டும் யாரையோ தேடுகிறது. நான் போட்ட அலங்காரத்தில் அந்தப் பார்வை அதுவரை எனக்கே தெரியாமல் போயிருந்தது. அலங்காரத் துணியின் இடைவெளி வழியாக முன்வரிசையைப் பார்த்தேன். சக்கர நாற்காலியில் அப்பா வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

முடிந்ததும் அவர் குரல் கேட்டது. "தாலி கட்டுனத இன்னொரு தடவ போடுவீங்களா?"

போட்டேன். மறுபடி கேட்டார், மறுபடியும் போட்டேன். நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான்கு தடவை ஓடியது. நான்கு தடவையும் ஸ்டூல் அண்ணே கேபிளை விடவில்லை. கடைசியில் கை மரத்துப்போய், விரல்களைப் பாஸ்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை ஸ்டூல் அண்ணே ஸ்டூடியோவுக்கு வந்தார். கையில் புதுப் பெட்டி, பதினாறு கோர். முன்னதை எடுத்துக்கொண்டு இதைப் போட்டுவிடுகிறேன், என் கணக்குத் தப்பு என்றார். பாஸ் என்னைப் பார்த்தார்.

"வேணாம்ணே. இதே இருக்கட்டும்," என்றேன்.

"அடுத்த சனிக்கிழமையும் அப்படி ஆச்சுன்னா என்னா செய்வ?"

"உங்களக் கூப்பிடுவேன்."

அவர் கோபித்துக்கொண்டார். மெஷின் விஷயத்தில் விளையாட்டுப் பேச்சு கூடாது என்று படியிறங்கும் வரை திட்டிக்கொண்டே போனார். நான் விளையாடவில்லை. இந்த மனிதர் இன்னும் கொஞ்ச நாள் நம் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதை, அவருக்குப் புரிகிற மாதிரி வேறெப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.