ஏழாம் நிலையத்துக்கு ஏசி

மூன்றாவது நாளும் பகல் பன்னிரண்டு மணிக்குக் கோடு படுத்துவிட்டது.

வகுப்பறைச் சுவரில் பெரிய திரை. நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் பாலைவனத்தில் இருக்கும் ஏழாம் எண்ணெய் நிலையத்தின் குழாய் அழுத்தம், அரை மணிக்கு ஒரு புள்ளியாக விழுந்து அதில் கோடாக ஓடும். காலையெல்லாம் ஒழுங்காகத்தான் ஏறி இறங்கியது. லுஹர் தொழுகையும் சாப்பாடும் முடிந்து எல்லோரும் திரும்பி வந்து பார்த்தால், ஒரு மணி நேரமாக அசைவே இல்லை.

பயிற்சி நடத்தும் ஷம்ஸா வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. பழம் தின்று கொட்டை போட்ட ஆபரேட்டர்கள் பன்னிரண்டு பேருக்கு, ஆள் இல்லாமல் நிலையத்தை ஓட்டுவது எப்படி என்று இரண்டு வாரம் பாடம் நடத்த வேண்டும். கடைசி நாள் மேலாளர் பத்ர் வந்து இந்தக் கோட்டைப் பார்ப்பார். அவருக்குத் திருப்தி என்றால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் நிஸ்வாவில் அண்ணனின் சாம்பிராணிக் கடையில் போய் உட்கார வேண்டியதுதான். அண்ணன் அதற்காகவே காத்துக்கொண்டிருந்தான்.

“மெஷினும் நம்மள மாதிரி சாப்பிடப் போயிருக்கும் உஸ்தாதா,” என்று டீச்சரைச் சமாதானப்படுத்தினார் ஹுமைத். வகுப்பிலேயே மூத்தவர், இருபத்தாறு வருஷ சர்வீஸ்; மகன் ஸாலிமின் பெயரால் எல்லோருக்கும் அபூ ஸாலிம்.

“மெஷினுக்குப் பசி கிடையாது, தூக்கம் கிடையாது, அபூ ஸாலிம். அதைத்தானே மூணு நாளா தொண்டை கிழியச் சொல்லிக்கிட்டிருக்கேன்?”

பின் வரிசையில் யாரோ இருமினார்கள். மற்றவர்கள் பேரீச்சம்பழத் தட்டைக் கூர்ந்து பார்த்தார்கள்.

அவள் கேபிளைப் பிடுங்கிச் செருகினாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். கடைசியில் ஏழாம் நிலையத்தின் கேபினைப் பார்த்துக்கொள்ளும் முசல்லமுக்கு போன் செய்தாள்.

“முசல்லம், மத்தியானத்துல அங்க என்னதான் ஆகுது?”

“வெயில் உஸ்தாதா! தகரக் கேபின். உள்ள அடுப்பு மாதிரி கொதிக்குது. எவனால தாங்க முடியும்?”

பிடி கிடைத்துவிட்டது. ‘அதிக வெப்பத்தில் சென்சார் சோர்வடைகிறது’ என்று பலகையில் எழுதி, அதை வைத்தே முக்கால் மணி நேரம் பாடம் நடத்தினாள். படித்தவர்களுக்கு எதிலிருந்தும் ஒரு பாடம் கிடைத்துவிடும். அன்று சாயங்காலமே கேபினுக்கு மேலே போட நிழல் துணி அனுப்பினாள்.

மறுநாள் கோடு ஒன்றரை மணி நேரம் படுத்தது.

“நிழலக் குடுத்தா யாருக்குத்தான் எந்திரிக்க மனசு வரும்?” என்றார் ஹுமைத்.

“நிழல் பத்தலை. ஏசி வேணும்,” என்றாள் ஷம்ஸா.

விண்ணப்பத்தில் ‘யாருக்கு’ என்ற கட்டத்தில் ‘சென்சாருக்கு’ என்று எழுதினாள். மறுநாள் காலை புத்தம்புது ஏசி லாரியில் ஏறிப் போனது. வகுப்பே ஜன்னலில் நின்று அதை வேடிக்கை பார்த்தது.

“ஆறு வருஷமா நாங்க கேட்டோம். பட்ஜெட் இல்ல, பட்ஜெட் இல்லன்னாங்க,” என்றார் ஹுமைத். அவர் குரலில் பொறாமை அப்பட்டமாகத் தெரிந்தது. “சென்சாரா பொறந்திருக்கணும்யா.”

ஏசி மாட்டிய அன்று கோடு இரண்டரை மணி நேரம் படுத்தது.

ஷம்ஸா திரும்பவும் போன் செய்தாள். “ஏசி சரியா வேலை செய்யுதா?”

“அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுசக் குடுக்கட்டும் உஸ்தாதா! உள்ள நிஸ்வா மலை மாதிரி ஜில்லுனு இருக்கு.”

குளிர்ச்சி கிடைத்தும் ஏன் இப்படி? அடிக்கடி கேள்வி கேட்டால் இயந்திரம் ஓயாமல் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அரை மணிக்கு ஒருமுறை கேட்டதை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று மாற்றிவிட்டாள். முதல் மணி நேரம் எண்கள் மடமடவென்று வந்தன. அப்புறம் நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டு என்று மாலைவரை ஒரே எண்தான். பதறிப்போய்ப் பழையபடி அரை மணிக்கே மாற்றினாள்.

“முரண்டு பிடிக்குது பாவம்,” என்றார் ஹுமைத். “ரொம்ப விரட்டாதீங்க.”

கடைசி நாள். காலை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்த பத்ர், இரண்டு மணிக்கு வந்தார். பத்து மணிக்குத் துள்ளிக்கொண்டிருந்த கோடு இப்போது நெடுஞ்சாண்கிடையாகக் கிடந்தது. ஷம்ஸாவுக்கு அழுகை முட்டியது. அவருக்குக் கஹ்வா காப்பியை ஊற்றிக் கொடுத்தாள்.

பத்ர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரையை வெகுநேரம் பார்த்தார்.

“நல்லா நேரா இருக்கே!” என்றார். “ஏத்த இறக்கமே இல்ல. அழுத்தத்த இப்படிக் கட்டுக்குள்ள வச்சு நான் பார்த்ததே இல்லையே!”

ஷம்ஸா பேரீச்சம்பழத் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“அப்படின்னா முசல்லம அங்கேருந்து எடுத்துடலாமாம்மா?”

பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

“உஸ்தாதா…” என்று ஹுமைத் எழுந்தார்.

“உக்காருங்க அபூ ஸாலிம். தாராளமா எடுக்கலாம் சார்,” என்றாள் ஷம்ஸா. “அவருக்கு அங்க வேலையே இல்ல.”

“பிரமாதம்! திங்கட்கிழமை உங்க ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுடறேன்.”

மேஜைமேல் போன் அடித்தது. ஏழாம் நிலையம். மேலாளரும் கேட்கட்டும் என்று ஷம்ஸா பெருமையாக ஸ்பீக்கரில் போட்டாள்.

“உஸ்தாதா, மன்னிச்சுக்குங்க, சென்சார் எரிஞ்சுபோய் ஒரு வருஷமா நான்தான் கையால நம்பர் போடறேன், இன்னிக்கு நீங்க அனுப்பின ஏசியில நல்லாத் தூங்கிட்டேன், பன்னெண்டு மணிலேருந்து விட்டுப்போன நம்பரையெல்லாம் இப்ப மொத்தமா டைப் அடிச்சு அனுப்பிடட்டுமா?”