பிஸ்கட் டப்பாவில் பன்னிரண்டு திரி

டப்பாவுக்குள் பிஸ்கட் இல்லை. அதுவே ஒரு குற்றம். உள்ளே இருந்ததோ அதைவிடப் பெரிய குற்றம்.

முட்டை அடுக்கும் அட்டையைக் குழி குழியாகக் கத்தரித்து, ஒவ்வொரு குழியிலும் பஞ்சை அடைத்து, மேலே மெழுகை உருக்கி ஊற்றி, நடுவில் ஒரு துணித்திரியை நட்டு வைத்திருந்தார்கள். மொத்தம் பன்னிரண்டு. ஸ்டூல்மேல் நின்றபடியே புகை சார் ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார். நகத்தால் சுரண்டினார். நுனி நாக்கிலும் வைத்துப் பார்த்தார். மெழுகு, போன மாதம் கரண்ட் போனபோது ஏற்றிய மெழுகுவத்தியின் மிச்சம். பஞ்சு, புத்தம் புது மெத்தைப் பஞ்சு.

"ஒண்ணு பத்து நிமிஷம் நின்னு எரியும்" என்று முணுமுணுத்தார். "தொழில் தெரிஞ்ச கை."

அவருக்குத் தெரியாதா? ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் முப்பத்தோரு வருடம் எரிந்த கடைகளுக்குள் நுழைந்து, தீ தானாக வந்ததா, ஆள் போய் அழைத்து வந்ததா என்று சொல்லிக்கொண்டிருந்தவர். புகை சார் என்பது அலுவலகம் வைத்த பேர். அவர் ஓய்வு பெற்று ஐந்து மாதம் ஆகிறது. பேரும் மூக்கும் ஓய்வு பெறவில்லை. சாம்பல் கிடைக்காத கண், வீட்டைப் பார்க்க ஆரம்பித்தது. குழாய் எத்தனை நிமிடம் ஓடுகிறது, ஃப்ரிட்ஜ் கதவு எத்தனை தடவை திறக்கிறது என்று மனைவியின் பின்னாலேயே நடந்தார். துணி காயப்போடும் கிளிப்பில் இரண்டு குறைந்ததற்குப் பால்காரரை வாசலில் நிற்க வைத்து வாக்குமூலம் வாங்கினார்.

இப்போது நிஜமாகவே ஒன்று சிக்கியிருக்கிறது.

மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மேல்தட்டுல ஒரு சிவப்பு டப்பா இருக்கே, அதுல என்ன?"

"எதுல?"

"பிஸ்கட் டப்பா."

"ஓ, அதுவா. அதுல ஒண்ணும் இல்லீங்க."

ஒன்றும் இல்லை என்று யாராவது சொன்னால்தான் அவர் பேனா மூடியையே கழற்றுவார். "ஒண்ணும் இல்லாத டப்பாவ எதுக்கு அவ்வளவு உயரத்துல வெச்சிருக்க?"

"ஒண்ணும் இல்லாததப் பாக்கத்தான் ஸ்டூல் போட்டு ஏறினீங்களா?"

புகை சார் பின்வாங்கினார். ஆனால் கணக்கு மனதுக்குள் கூடிக்கொண்டேயிருந்தது. புதுப் பஞ்சு எங்கிருந்து வரும்? மச்சினன் கடையிலிருந்து. மனைவியின் தம்பி மெத்தை வியாபாரி. ஆறு மாதமாக வியாபாரம் படுத்துவிட்டது. மெத்தை விற்பவனுக்கே தூக்கம் இல்லை. கடைக்குள் கூரை முட்டச் சரக்கு. அந்தக் கடைக்குத் தீக்காப்பீடு வாங்கிக் கொடுக்க, "நேர்மையான ஆள், என் பொறுப்பு" என்று கையெழுத்துப் போட்டவர் வேறு யாருமல்ல, இவரேதான். அந்தக் கடை எரிந்தால் முதலில் புகைவது இவர் பேர். அதற்கு வைத்த திரி அவன் அக்காவின் கைவேலை என்று தெரிந்தால், வீடே புகையும். போதாக்குறைக்கு, அந்தக் கடையின் பின்கட்டில் ஒரு வாட்ச்மேன் படுத்துத் தூங்குகிறார்.

திரி இருந்தால் என்ன, தீ வேண்டாமா? வீட்டிலிருந்த தீப்பெட்டிகள் நான்கையும், அடுப்பு லைட்டரையும் வாரிக்கொண்டுபோய்ச் சவரப் பெட்டிக்குள் ஒளித்துப் பூட்டினார்.

மறுநாள் காலை அவருக்கு முன்னால் சூடாகக் காபி வந்தது.

"அடுப்பு எப்படிப் பத்துச்சு?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அதையேன் கேக்கறீங்க. தீப்பெட்டியும் காணோம், லைட்டரும் காணோம். கையக் கட்டிட்டு உக்கார முடியுமா? இத செஞ்சேன்."

உடைந்த குடையின் கம்பி ஒன்று. அதன் நுனியில், காலியாகிப்போன சின்ன லைட்டரின் கல்லும் பல்சக்கரமும். சக்கரத்தைச் சுற்றி ஒரு நூல். நூலின் மறுமுனையில் பற்பசை டியூபின் மூடி. மனைவி மூடியைச் சுண்டி இழுத்தாள். கம்பி நுனியில் பொறி பறந்தது.

"ரெண்டடி தள்ளி நின்னே பத்த வைக்கலாம். கையில படாது. எப்படி?"

ரெண்டடி தள்ளி நின்று, கையில் படாமல். அவர் எழுதிய அறிக்கைகளில் பாதி இந்த வாக்கியத்தில்தான் முடியும். காபியைக் குடிக்காமலே தள்ளி வைத்தார்.

தீயைத் தடுக்கப்போய்த் தீக்கருவியையே செய்ய வைத்தாயிற்று. சரி, திரியையாவது ஒழிப்போம் என்று, மனைவி கடைக்குப் போன நேரத்தில் பன்னிரண்டையும் வாளித் தண்ணீரில் போட்டார். மெழுகு போர்த்திக்கொண்ட பஞ்சைத் தண்ணீர் என்ன செய்யும்? மிதந்தன. மேலே ஒரு செங்கல்லை வைத்து அரை மணி நேரம் அமுக்கிப் பார்த்தார். எண்ணெய் தேய்த்துக் குளித்த மாதிரி பளபளவென்று எழுந்து வந்தன. துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

புதன்கிழமை எண்ணினார். பதினெட்டு.

மனைவியோ சோபாவில் காலை நீட்டி ஒரு தடிப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். இடையிடையே ஒரு பாட்டை முனகினாள். இந்த ஐந்து மாதத்தில் அவளை அவர் இவ்வளவு நிம்மதியாகப் பார்த்ததில்லை. குற்றம் செய்யத் துணிந்தவர்களுக்கு வரும் நிம்மதி அது. அவர் எத்தனை பேரிடம் பார்த்திருக்கிறார்.

எதிர்வீட்டில் ஒரு தையல்காரம்மா. திரித்துணி அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். காலர் பட்டன் ஒன்றைத் தானே பிய்த்துக்கொண்டு போய் நின்றார்.

"இந்தப் பட்டனக் கொஞ்சம் தெச்சுக் குடும்மா. ஆமா, எங்க வீட்டுல உன்கிட்ட துணி ஏதாச்சும் வாங்கினாளா?"

"வெட்டுத் துணிதானே அண்ணே? ஒரு பை நிறைய குடுத்தேன்."

"எதுக்குன்னு கேட்டியா?"

"கேட்டேனே."

"என்ன சொன்னா?"

தையல்காரம்மா மிஷின் சக்கரத்தைக் கையால் நிறுத்தினாள். "அண்ணன்கிட்ட சொல்லாதேன்னு சொன்னாங்க."

பட்டன் தைக்கும்வரை நிற்க அவருக்குப் பொறுமையில்லை. திறந்த காலரோடு நேரே மெத்தைக் கடைக்குப் போனார்.

மச்சினன் ஏணிமேல் நின்று, செத்துப்போன அப்பாவின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தான்.

புகை சார் ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டார். எரியப்போகிற கடையிலிருந்து முதலில் வெளியேறுவது கல்லாப்பெட்டி இல்லை, அப்பா படம். கல்லா எரிந்தால் காப்பீடு தரும். அப்பாவை யார் தருவார்கள்? இதை வைத்தே அவர் ஒன்பது பேரைப் பிடித்திருக்கிறார்.

"படம் எங்க போகுது மாப்ளே?"

"பிரேம் போடத்தான் மாமா. செல்லரிச்சிடுச்சு."

"வாட்ச்மேனக் காணோம்?"

"இருக்கான். ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு கேட்டிருக்கான். அன்னிக்கு மத்தியானம் ஒரு மணிக்கு மேல கடையில ஒரு ஈ காக்கா இருக்காது. ஏன் மாமா, மெத்தை கித்தை வேணுமா?"

குற்றவாளியே நேரம் குறித்துக் கொடுப்பது அவர் அனுபவத்தில் இதுவே முதல் தடவை. அவ்வளவு துணிச்சல்.

போலீசுக்குப் போகலாம். போய், "என் வீட்டுக்காரி முட்டை அட்டையில மெழுகு ஊத்துறா" என்று சொல்ல வேண்டும். அந்த யோசனையை அங்கேயே கைவிட்டார். அவளோடு இருபத்தெட்டு வருடம் வாழ்ந்தாயிற்று. ஆயுதத்தை அப்புறப்படுத்திவிட்டு, மச்சினனைக் கையும் களவுமாகப் பிடித்து, நாலு அறை அறைந்து, விஷயத்தைக் குடும்பத்துக்குள்ளேயே முடித்துவிடுவது என்று முடிவெடுத்தார்.

ஞாயிறு பகல் பன்னிரண்டே முக்கால். டப்பாவில் இப்போது இருபத்துநாலு. டப்பாவையும் குடைக்கம்பியையும் ஒரு துணிப்பையில் திணித்துக்கொண்டு, மெத்தைக் கடையின் பின்வாசலில், கழிவுப் பஞ்சு மூட்டைகளுக்கு நடுவில் பதுங்கி உட்கார்ந்தார்.

ஒரு மணி. ஒன்றேகால். தும்மல் வந்தது. அடக்கினார். வந்தேவிட்டது.

"யாருய்யா அது?"

வாட்ச்மேன். கையில் சாப்பாட்டுக் கேரியர்.

"உனக்கு லீவாச்சே" என்றார் புகை சார், ஏமாற்றத்தோடு.

"கேரியர மறந்துட்டேன், எடுக்க வந்தேன். நான் லீவுன்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்? பையில என்ன?"

"ஒண்ணும் இல்ல."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லின் ருசி அவருக்கே தெரிந்தது. வாட்ச்மேன் பையைப் பிடுங்கி டப்பாவைத் திறந்தார். ஒன்றை எடுத்து மோந்தார். நகத்தால் சுரண்டினார். நுனி நாக்கில் வைத்தார்.

"இது எதுக்கு சார், இந்தக் கம்பி?"

"தொடாதே. அந்த மூடிய மட்டும் இழுத்துடாதே."

அப்படிச் சொன்னால் யார்தான் இழுக்கமாட்டார்கள். பொறி பறந்தது. பக்கத்து மூட்டையின் வாயில் விழுந்து, ஒரு கணம் யோசித்து, குப்பென்று பற்றிக்கொண்டது. முப்பத்தோரு வருடம் தீயைச் சாம்பலாக மட்டுமே பார்த்துப் பழகியவர், அதை உயிரோடு பார்ப்பது அன்றுதான். என்ன செய்வது என்று தெரியவில்லை. வாட்ச்மேனுக்குத் தெரிந்தது. ஒரு வாளித் தண்ணீரை மூட்டைமேலும், இன்னொரு வாளியை, எதற்கும் இருக்கட்டும் என்று, புகை சார்மேலும் ஊற்றினார். பிறகு போன் செய்தார்.

மச்சினனும் மனைவியும் ஆட்டோவில் வந்து இறங்கியபோது, அவர் சொட்டச் சொட்ட ஒரு படுக்கைமேல் உட்கார வைக்கப்பட்டிருந்தார்.

"மாமா" என்றான் மச்சினன், மெதுவாக. "என் கடையவா?"

இந்த இரண்டு சொல் அவரை உடைத்துவிட்டது. டப்பா, பஞ்சு, அப்பா படம், லீவு என்று எல்லாவற்றையும் கொட்டினார். மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"நம்ம கல்யாண நாளுக்கு மலைமேல ஒரு மர வீடு பேசி வெச்சிருக்கேன். அங்க கணப்பு இருக்கு, விறகுதான். விறகு ஈரமா இருக்கும், சுலபத்துல பத்தாதுன்னாங்க. அதுக்குத்தான் இதெல்லாம்."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா? அந்த வீட்டுக்கு எத்தனை வாசல், எத்தனை மணல் வாளின்னு அறிக்கை எழுதியிருப்பீங்க."

மச்சினன் தன் சட்டையைக் கழற்றி அவருக்குப் போர்த்திவிட்டான். அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. வாட்ச்மேன்தான் போகிறபோது, "கேரியர மறந்தது நல்லதாப் போச்சு சார்" என்றார்.

வீட்டுப் படி ஏறும்போதே புகை சார் தீர்மானித்துவிட்டார். இனி இந்த ஜென்மத்தில் சந்தேகம் என்பதே கிடையாது. சிவப்பு டப்பாவை மேல்தட்டிலேயே திரும்ப வைத்தார். சவரப் பெட்டியைத் திறந்து தீப்பெட்டிகளையும் லைட்டரையும் அடுப்படியில் வைத்தார். மனைவியிடம், "நீ படிச்சிட்டிருந்த புத்தகம் நல்லா இருக்கா?" என்று இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டார். அவள், "இன்னும் முப்பது பக்கம்தான் பாக்கி" என்றாள். மனம் லேசாகிக் குளியலறைக்குள் போனார்.

தலை துவட்டும்போது வாசலில் தையல்காரம்மாவின் குரல் கேட்டது.

"அக்கா, ஒரு வாரம் அண்ணன் உங்க பின்னாடியே சுத்தாம வெச்சுச்சே, அந்த டப்பாவ இப்படிக் குடுங்க, நாளையிலிருந்து எங்க வீட்டுக்காரரும் ரிட்டயரு."