பச்சை பூத்த உப்புக்கண்டம்

அடுப்புக்கு மேலே கட்டிய கம்பியில் ஆறு துண்டு உப்புக்கண்டம் தொங்கிக்கொண்டிருந்தது. ஆறும் பச்சை.

நாற்காலி மேல் ஏறி நின்று கிரேன் மோந்து பார்த்தார். ஈரச் சாக்கு வாடை. கிரேன் என்பது, கிடங்கில் இரண்டு மூட்டையை ஒரே தம்மில் முதுகில் ஏற்றுகிறவர் என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர். அந்த முதுகு இப்போது சுவரில் சாய்ந்துகொண்டது.

மனைவி செத்து நாற்பத்தொரு நாள். அதற்குப் பத்து நாள் முன்னால் அவளே உப்புத் தடவித் தொங்கவிட்ட கறி. "மேல வெள்ளையா பூத்தாத்தான் பதம். அதுக்கு முன்னாடி கை வெச்சீங்க, மரியாதை கெட்டுப்போகும்" என்று சொல்லி வைத்தவள், பதம் பார்க்க இல்லாமல் போய்விட்டாள்.

"இத்தனை நாளா கண்ணுல படலையாப்பா?" என்றாள் மகள்.

"பட்டுச்சு. பச்சையாத்தான் பூத்துச்சு. போகப் போக வெளுக்கும்னு விட்டுட்டேன்."

"அதென்ன மாங்காயா, பழுக்கறதுக்கு? பூசணம்ப்பா. தூக்கிப் போடுங்க."

"உங்கம்மா கை பட்டதுல மிச்சம் இது ஒண்ணுதான். ஒரு வாயாவது தின்னுட்டுத்தான் மறு பேச்சு."

மகள் மூக்கை உறிஞ்சினாள். கறி வாடைக்காக இல்லை.

அவள் போனதும் கிரேன் வேலையில் இறங்கினார். வினிகரில் துணியை நனைத்து ஆறு துண்டையும் குழந்தைக்கு உடம்பு துடைப்பதுபோலத் துடைத்தார். மூன்றாம் நாள் பச்சைக்குத் துணையாகக் கறுப்பும் வந்து உட்கார்ந்தது.

உப்பு போதவில்லையோ என்று ஒரு கிலோ கல்லுப்பை வாங்கி, கை எரிய எரியத் தேய்த்தார். கறி தண்ணீர் விட்டது. சொட்டுச் சொட்டாக அடுப்பில் விழுந்து, கொதிக்கிற சோற்றைக் கெடுத்து அடுப்பையும் அணைத்தது. அன்றைக்கு ராத்திரிக்கு ரொட்டிதான்.

ஈரம் போகட்டும் என்று வெயிலில், பால்கனிக் கொடியில் கட்டினார். வேலைக்குப் போய்த் திரும்பினால் ஐந்துதான் இருந்தது. வாசலில் வீட்டுக்கார அம்மாள், இடுப்பில் பூனையோடு.

"என் பிள்ளைக்கு என்னத்த ஊட்டினீங்க? மெத்தை பூரா வாந்தி."

"நான் ஊட்டலைங்க. அதுவா எடுத்துக்கிச்சு."

"ஓ, கேட்டுட்டு எடுக்கணுமோ?"

"கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேங்க. இன்னும் நான் ஒரு வாய் தின்னலை."

வீட்டுக்கார அம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, "பூனை பிழைச்சுக்கும். நீங்க அதைத் தின்னு வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

அதைக் கேட்ட மகள் மறுநாளே அப்பாவையும் ஐந்து துண்டையும் உணவுப் பரிசோதனைக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் ஒரு துண்டில் கொஞ்சம் அறுத்து எடுத்துக்கொண்டு, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னாள். அந்த வாரம் முழுக்க கிரேன் மூட்டையை எண்ணும்போது கணக்குத் தப்பவிட்டார்.

"ஐயா, கண்ணுக்குத் தெரியறது பூசணம். அது கக்குற விஷம் கண்ணுக்குத் தெரியாது. உள்ள இறங்கிடுச்சு" என்றாள் அந்தப் பெண், அப்பாவும் மகளும் திரும்பிப் போனபோது.

"மேலாக்கச் சீவிட்டு?"

"ஆகாது."

"நல்லா வேகவெச்சு?"

"வேகவெச்சா பூசணம் சாகும், விஷம் சாகாது. கிட்னியில போய் உக்காரும்."

"ஒரே ஒரு வாய்ம்மா. நாக்குல வெச்சுட்டுத் துப்பிடறேன்."

அந்தப் பெண் மேசையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள். முடியாது என்று.

கிரேன் தொண்டையைச் செருமினார். "முப்பது வருசமாச் செய்யறா. ஒரு தடவை கெட்டதில்லை. அப்ப இது யார் பண்ணின தப்பு?"

"நீங்க பார்த்த வைத்தியத்துக்கு அப்புறம் எதைன்னு சொல்ல? கறியே பழசா இருந்திருக்கலாம்."

அது போதும். மகள் "அப்பா, அப்பா" என்று பின்னால் ஓடிவர, கிரேன் நேரே கறிக்கடைக்கு நடந்தார். இத்தனை நாள் மழையைத் திட்டினார், ஜன்னலைத் திட்டினார், கடைசியில் தன்னையே திட்டிக்கொண்டார். இப்போது திட்டுவதற்கு உருப்படியாக ஓர் ஆள் கிடைத்துவிட்டான்.

"பழைய கறியைத் தலையில கட்டினியேடா! அவ கடைசியாச் செஞ்சதுடா அது! ஒரு வாய் தின்னக் குடுத்து வெக்கலையேடா எனக்கு!"

கடையில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள். கறிக்கடைக்காரன் கத்தியைக் கட்டையில் வைத்தான். கையைத் துடைத்தான். கோபப்படவில்லை.

"கறி அன்னைக்கு அறுத்ததுண்ணே. எப்பவும் அக்கா கல்லுப்பும் இங்கயேதான் வாங்குவாங்க; இந்தத் தடவை கால்வாசி போதும்னாங்க. பூசணம் பிடிச்சுக்கும்க்கான்னு சொன்னேன். 'கறி கெட்டா வேற வாங்கிக்கலாம்டா, உங்கண்ணனுக்குப் பிரஷர் ஏறிப் போச்சுன்னா நான் எங்கடா போவேன்'னு கேட்டாங்க."