சிறுத்தை வெளியே போன கூட்டம்

ஒரு காட்டில், தாயை இழந்த மான்குட்டிகளுக்காக விலங்குகள் ஓர் இல்லம் நடத்திவந்தன. யானை தலைவர். சிறுத்தையும் உறுப்பினர், சேர்க்காவிட்டால் மனஸ்தாபம் வரும் என்று சேர்த்திருந்தன. குட்டிகளைப் பார்த்துக்கொண்டது தவமணி என்ற முயல்; அவளும் உறுப்பினர்தான். குகைக்குள் கூட்டம் நடக்கும்போது அவள் வெளியே குட்டிகளோடு இருந்துவிடுவாள். உள்ளே போனால் பேசச் சொல்லிவிடுவார்களோ என்ற பயமும் ஒரு காரணம்.

ஒருநாள் நகரத்திலிருந்து நாரை வந்தது. தொண்டு நிறுவனங்களுக்கு நல்ல நிர்வாகம் கற்றுக்கொடுப்பது அதன் தொழில். உறுப்பினர் எல்லோரும் உள்ளே வந்தாக வேண்டும் என்றது; தவமணியும் வேறு வழியின்றி உள்ளே போனாள். ஒரு விஷயத்தில் சொந்த ஆதாயம் உள்ளவர் மட்டும் அதை அறிவித்துவிட்டு, முடிவாகும்வரை வெளியே இருக்க வேண்டுமாம்.

அன்று பேச எடுத்தது, குட்டிகளின் பாதுகாப்பு.

சிறுத்தை எழுந்தது. "தலைவரே, எனக்கு மான்கறி பிடிக்கும். மறைப்பானேன்?"

கூட்டமே நெகிழ்ந்துபோனது. இப்படியொரு நேர்மையைத் தான் எங்கும் கண்டதில்லை என்ற நாரை, சிறந்த உறுப்பினர் சான்றிதழை அங்கேயே அதன் கழுத்தில் மாட்டியது. சிறுத்தை பணிவாகக் கும்பிட்டுவிட்டு வெளியே போனது.

வெளியேதான் குட்டிகள் இருந்தன.

தவமணி தலைவரிடம் ஓடினாள். யானையின் காதில் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். நேர்மையானவரைப் பற்றிப் புறம் பேசாதே என்று யானை கடிந்துகொண்டது. அவள் வெளியே பாய்ந்தாள். சிறுத்தை, கொழுத்த குட்டி எது என்று முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. தவமணி குட்டிகளை முட்டித் தள்ளிக் குகைக்குள் விரட்டினாள். சிறுத்தையும் பின்னாலேயே வந்தது.

"அண்ணே, விஷயம் இன்னும் முடியலை," என்றாள் தவமணி. "இப்ப உள்ளே வந்தா சான்றிதழைப் பிடுங்கிடுவாங்க."

சிறுத்தை கழுத்தைத் தடவிப் பார்த்தது. உள்ளே வைத்த காலை எடுத்துக்கொண்டது. "எப்பம்மா முடியும்?"

தீர்மானம் தயாராக இருந்தது. ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்று யானை சொல்ல வாயெடுத்தது. அதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காத தவமணி எழுந்து நின்றாள்.

"ஐயா, குட்டின்னா எந்த வயசு வரைக்கும்? அதை முதல்ல தெளிவுபடுத்தணும்."

நாரைக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கழுதை ஒரு வயது என்றது. கரடி மூன்று என்றது. துணைக்குழு போடலாம் என்றது மயில். துணைக்குழுவுக்கு வைத்த பெயருக்குத் தவமணி ஒரு திருத்தம் கொண்டுவந்தாள்.

குட்டிகளுக்குக் கொம்பு முளைத்துவிட்டது. வயது இன்னும் முடிவாகவில்லை. சிறுத்தை வாசலில் மெலிந்துகொண்டிருக்கிறது.

நீதி: தொண்டு நிறுவனக் கூட்டம் நீள்கிறதே என்று கொட்டாவி விடாதீர்கள், அது முடிந்தால் யாராவது பசியோடு உள்ளே வருவார்கள்.