பத்தடி தள்ளி வா!

மொச்சைக்கொட்டை பிதுக்கிக்கிட்டே எழுதுறேன். இடது கை பிதுக்குது, வலது கை எழுதுது. நோட்டுல அங்கங்கே ஈரம் தெரிஞ்சா அது மொச்சைத் தண்ணி. அழுததுன்னு நினைச்சுடாதீங்க. சிரிச்சு வந்த கண்ணீர் வேணா கொஞ்சம் கலந்திருக்கும்.

எனக்குப் பேச வராது. புது ஆள் வந்தாலே அடுப்படிக்குள்ள போயிடுவேன். படிப்பும் எட்டாங் கிளாஸோட நின்னு போச்சு. அதனாலதான் எழுதுறேன். பேப்பர் என் முகத்தைப் பார்க்காது.

என் வீட்டுக்காரர் பேரு வெள்ளைச்சாமி. தி.நகர்ல ஒரு பெரிய துணிக்கடை, ரெண்டாவது மாடி, பேன்ட் பிட் செக்‌ஷன். துணிதான் அவருக்கு உசிரு. பத்து மாசப் பையனுக்குத் துகிலன்னு பேர் வெச்சவர். பொண்ணு பொறந்திருந்தா பாப்ளின்னு வெச்சிருப்பார்.

கடையில புது மாடி திறக்க ஒரு சினிமா நடிகர் வந்தார். அவரை ஏர்போர்ட்டுல ஏத்திவிட இவரை அனுப்பினாங்க. திரும்பி வந்தவர் சட்டையைக் கழட்டலை, சோத்தைத் தொடலை.

"லாவண்யா, அவரு வரிசையிலயே நிக்கலைடி! நூறு பேர் நிக்குறான். இவரை ஓரமா கூட்டிட்டுப் போறாங்க. பையை ஒருத்தன் தூக்குறான். உள்ளே முதல் சீட்டாம், ஜன்னலோரமாம். பைலட்டே வந்து பார்ப்பாராம்!"

"அவர் நடிகருங்க."

"நடிகரா இருக்க வேணாம்டி. நடிகர் மாதிரி இருந்தா போதும். கறுப்புக் கண்ணாடி, யாரையும் பார்க்காத பார்வை. 'நீங்க யாரு'ன்னு கேக்க எவனுக்குத் தைரியம் வரும்? நமக்குத்தான் தெரியலை போலன்னு பயந்துடுவான்."

பயம் எனக்குத்தான் வந்துச்சு. ஏன்னா, அடுத்த வாரம் அவர் தம்பி கல்யாணம். மதுரைக்கு நாங்க பிளைட்டுல போறோம். அவருக்குக் கடை குடுத்த டிக்கெட்டு, எனக்குத் தனியா எடுத்தது. பிளைட்டு எனக்கு இதுதான் முதல் தடவை. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு.

"என்னங்க, ஜன்னல் சீட்டு எனக்குக் குடுப்பீங்களா? துகிலனுக்கு மேகம் காட்டணும்."

"ஸ்டார் நடுவுல உக்காருவானா? ஜன்னல் எனக்கு. மேகத்தை நான் பார்த்துச் சொல்றேன்."

"சரிங்க."

"இன்னொண்ணு. ஏர்போர்ட்டுல நீ பத்தடி தள்ளி வா. இடுப்புல குழந்தை, கையில பிளாஸ்க்கு. இப்படி ஒருத்தியோட எந்த ஸ்டார் வருவான்? யார் கேட்டாலும் என்னைத் தெரியாதுன்னு சொல்லு. அப்புறம் ஓடி வந்து 'சார், ஒரு செல்ஃபி'ன்னு கேளு. அதைப் பார்த்து நாலு பேர் வருவான்."

"எனக்கு வெக்கமா இருக்குமே."

"ஒத்திகை பாரு!"

மூணு நாள் ஒத்திகை. தோசை ஊத்தும்போது, துணி காயப்போடும்போது. "சார், ஒரு செல்ஃபி." "இன்னும் ஆசையா!" "சார்ர்... ஒரு செல்ஃபி!" கீழ் வீட்டு ஹாஜிரா பீ மாடிப்படியில நின்னு கேட்டுட்டாங்க.

"இன்னாம்மா, உன் ஊட்டுக்காரனையே சார் சார்னு கூப்புட்டுக்கினு கீறே? சண்டையா?"

விஷயத்தைச் சொன்னேன். அவங்க சிரிச்ச சிரிப்புல மாடிப் புறாவெல்லாம் பறந்துடுச்சு. சிரிச்சு முடிச்சுட்டு என் காதுல சொன்னாங்க: "கைக்கொழந்தையோட தனியா போனா ராஜ மரியாதைம்மா. துபாய்லேந்து வரும்போது என் மருமவ ஜுவேரியாவைத் தாங்கு தாங்குன்னு தாங்கினாங்கோ. வாயைத் தொறந்து கேளு, போதும்."

இதை நான் அவர்கிட்ட மறைக்கலை. அவர் கேக்கலை, அவ்வளவுதான்.

சைதாப்பேட்டையில மெட்ரோ ஏறினதுமே அவர் ஸ்டாராகிட்டார். சாமான் எதையும் தொடலை. குழந்தை, பை, பிளாஸ்க்கு எல்லாம் நான். ஏர்போர்ட்டுக்குள்ள அவர் முன்னாடி, நான் பத்தடி பின்னாடி. கறுப்புக் கண்ணாடியில அவருக்குக் கண்ணு சரியா தெரியலை. ஒரு தூணுக்கு வணக்கம் சொன்னார்.

ஒருத்தரும் திரும்பிப் பார்க்கலை. நான் செல்ஃபி கேக்கலாம்னு வாயைத் திறக்குறேன், ஒரு பெரியவர் அவரை நோக்கி வேகமா வந்தார்.

"சார், நீங்க... உங்களை எனக்கு நல்லாத் தெரியுமே!"

என் வீட்டுக்காரர் முகம் பூரிச்சுப் போச்சு. "பரவால்ல, சொல்லுங்க."

"ரெண்டாவது மாடி! பேன்ட் பிட்! சாயம் போகாதுன்னு தீபாவளிக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தீங்களே. ஒரு தண்ணிக்கே போச்சு சார்!"

"உப்புத் தண்ணியில ஊற வெச்சீங்களா? பில்லு இருக்கா?"

ஸ்டார் கண்ணாடியைக்கூடக் கழட்டலை. கை மட்டும் தானாப் போய் அந்தாள் சட்டை ஓரத்தைத் தடவிப் பார்க்குது.

நான் கவுன்டருக்குப் போனேன். அங்கே உக்காந்திருந்த பொண்ணு சட்டையில ஷண்முகப்ரியான்னு பேர் இருந்துச்சு.

"கைக்குழந்தையோட தனியா போறீங்களாக்கா? கூட யாரும் வரலையா?"

திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துட்டு டக்குன்னு மூஞ்சியைக் கூரைக்குத் திருப்பிக்கிட்டார். புருஷன் சொன்னதை மீறலாமா?

"தெரிஞ்சவங்க யாரும் இல்லீங்க." அப்புறம் துகிலனை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டேன். "ஜன்னல் சீட்டு கிடைக்குமா?"

புது ஆள்கிட்ட நானா வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி அது. முதல் வரிசை ஜன்னலே கிடைச்சுது! பையை ஒருத்தர் வாங்கிக்கிட்டார். வரிசையில நிக்க விடலை, ஓரமா கூட்டிட்டுப் போனாங்க. எல்லாருக்கும் முன்னாடி என்னை ஏத்தினாங்க. பைலட் எட்டிப் பார்த்து, துகிலன் கன்னத்தைத் தட்டிட்டுப் போனார்.

பிளைட்டு வரைக்கும் ஆளுங்களைக் கொண்டு வந்து விடுற பஸ்ஸுல, கடைசி பஸ்ஸுல நசுங்கி வந்து ஏறினார் என் வீட்டுக்காரர். என்னைப் பார்த்ததும் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கிடுச்சு.

"ஏய்! நீ எப்படி இங்கே? தள்ளு தள்ளு, நான் உக்கார்றேன்."

பணிப்பெண் நடுவுல வந்தாங்க. "மேடம், இவரை உங்களுக்குத் தெரியுமா?"

பின்னாடி இருபது பேர் பையோட நிக்குறாங்க. அத்தனை கண்ணும் என் மேல. வெக்கத்துல நாக்கு ஒட்டிக்கிச்சு. மூணு நாள் பழகினது மட்டும்தான் வாயில வந்துச்சு.

"சார்ர்... ஒரு செல்ஃபி!"

"அட, அவர் ஸ்டார் இல்லம்மா!" சாயம் போன பெரியவர் பின்னாலிருந்து கத்தினார். "ரெண்டாவது மாடி!"

விமானமே சிரிச்சுது. அவருக்குக் கிடைச்சது கடைசி வரிசை, நடு சீட்டு, கக்கூஸ் பக்கம். ஜன்னல்ல அந்தப் பெரியவர். மதுரை வரைக்கும் சாயத்தைப் பத்தியே பேசினாராம். நான் மேகம் பார்த்தேன். பஞ்சு மாதிரின்னு சொல்வாங்க. எனக்கு அப்படித் தெரியலை. இப்பத்தான் பிரிச்ச பத்து முழ வேட்டியை உதறிவிட்ட மாதிரி இருந்துச்சு. துகிலன் ஜன்னல் கண்ணாடியை நக்கிப் பார்த்தான்.

கல்யாணம் முடிஞ்சு பஸ்ஸுல வீடு திரும்பினோம். கறுப்புக் கண்ணாடியை அவர் ரெண்டு நாள் தொடலை. மூணாம் நாள் புதுத் தெம்போட எழுந்தார்.

"கண்டுபிடிச்சுட்டேன் லாவண்யா! ஸ்டார் நீயும் இல்ல, நானும் இல்ல. துகிலன்தான்! அடுத்த மாசம் தம்பி பொண்டாட்டி வீட்டு விருந்துக்கு மதுரை போறோம்ல, அப்போ குழந்தை என்கிட்ட. முதல் வரிசை ஜன்னல் எனக்கு!"

"சரிங்க. ஆனா அவன் உங்ககிட்ட அழாம இருக்கணுமே. ஒத்திகை பாருங்க."

எட்டு நாளா ஒத்திகை நடக்குது. குளிப்பாட்டுறது அவர், ஊட்டுறது அவர், தோள்ல போட்டுத் தூங்க வைக்கிறது அவர். பையன் பொறந்த பிறகு இப்பத்தான் நான் மத்தியானம் கண்ணசந்தேன். ஒரு விஷயம் மட்டும் இன்னும் சொல்லலை. அடுத்த மாசத்துக்கு டிக்கெட்டு எடுக்கச் சொன்னது என்கிட்ட. மறுபடியும் சண்டை வேணாம், ஆளுக்கொரு ஜன்னல் இருக்கட்டும்னு நான் பகல் ரயில்ல எடுத்துட்டேன். இன்னைக்காவது சொல்லிடலாம்னுதான் பார்க்குறேன், ஆனா எட்டு நாள் தூக்கம் பழகின பிறகு எப்படிங்க அதை... இருங்க, "லாவண்யா, ஓடியா, இவன் என் மீசையை விட மாட்டேங்குறான்"னு உள்ளேயிருந்து கத்துறார், நான் போய்ப் பார்த்துட்டு வந்து மீதியை...