மூன்று ப்ரொஜெக்டர்களும் நிரபராதிகள்

மூன்று ப்ரொஜெக்டர்கள் மீது நான் பொய்ப்புகார் கொடுத்திருக்கிறேன். மூன்றும் ஒரு தப்பும் செய்யாதவை. அதில் ஒன்று எங்கள் அலுவலகத்துடையதுகூட இல்லை. கீழ்மாடியில் இருந்த ஒரு டியூஷன் சென்டரில் கெஞ்சி இரவல் வாங்கி வந்தது. இத்தனை வருடம் கழித்து எழுத்துமூலமாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். (எந்தக் காயலான் கடையில் கிடக்கின்றனவோ, பாவம்.)

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. கல்யாணமாகிக் கோயம்புத்தூரிலிருந்து புனேக்கு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. கணவர் செந்திலுக்கு ஆகுர்டியில் வண்டித் தொழிற்சாலையில் வேலை. வீடும் அங்கேயேதான். எனக்குச் சிவாஜி நகர் பக்கம் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. தினமும் லோக்கல் ரயிலில் போய் வருவேன். ஆனால் இன்னும் ப்ரொபேஷன்தான்.

நாங்கள் புனேயில் இருப்பது மாமனாருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. காந்திபுரத்தில் அவருக்கு மோட்டார் பம்பு கடை. "அந்தப் புள்ளைக்கு வேலை நிரந்தரமாச்சுன்னா இருங்க. இல்லீனா ரெண்டு பேரும் பொட்டியக் கட்டீட்டு வந்து கடையப் பாருங்க" என்று கெடு வைத்திருந்தார். நானும் ரோஷத்தில் "சரிங்க மாமா" என்று சொல்லித் தொலைத்திருந்தேன். ஆக, இந்த வேலை போனால் என் மிச்ச ஆயுள் அரை குதிரைத் திறன் மோட்டாருக்கும் ஒரு குதிரைத் திறன் மோட்டாருக்கும் வித்தியாசம் சொல்வதில் கழியும். விடுவேனா?

அலுவலகத்தில் நாங்கள் செய்துகொண்டிருந்தது இதுதான்: ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி இருப்பதாக நடிக்க வைப்பது. உள்ளே இருக்கும் பொய்க் கணினி தன்னை நிஜம் என்றே நம்ப வேண்டும். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் தங்களுடைய சொந்தத் தயாரிப்பான ஒரு கார்டை அனுப்பியிருந்தார்கள். அதை நிஜக் கணினியில் செருகுவோம். பொய்க் கணினி அதைத் தன்னுடையது என்று நினைத்துப் பயன்படுத்த வேண்டும். அந்தக் கார்டுக்குள் கொஞ்சம் நினைவகம் உண்டு. கணினியை ஆன் செய்ததும் ஒவ்வொரு கார்டின் நினைவகத்துக்கும் ஒரு முகவரி ஒதுக்கப்படும். அது கார்டிலேயே ரிஜிஸ்டர் என்ற ஒரு சின்னக் கட்டத்தில் பதிவாகியிருக்கும். கணினியின் உள்மூளையான கெர்னல் அதைப் படித்து, பொய்க் கணினி கேட்கும்போதெல்லாம் சரியான இடத்துக்குக் கொண்டுபோய் விட வேண்டும். இந்த மேப்பிங் வேலைதான் என் தலையில் விழுந்தது.

ரிஜிஸ்டரைப் படித்தேன். இந்த முகவரிகளில் எண்களோடு சில எழுத்துகளும் கலந்து வரும். எனக்கு வந்தது: ஈ, அப்புறம் ஆறு சைபர், கடைசியில் ஒரு எட்டு.

அந்த எட்டோடு மேப் செய்தால் கெர்னல் சுருண்டு விழுந்தது. எங்கிருந்து வந்தது, எதற்கு வந்தது, ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து நாற்காலியில் சுலபா இருந்தார். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர், மராட்டிக்காரர், கார்டு சமாசாரத்தில் கரைகண்டவர். நான் திரையை முறைப்பதைப் பார்த்து "காய் ஜாலா?" என்று கேட்பார். என்ன ஆச்சு என்று அர்த்தம். நான் "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு எட்டை முறைப்பதைத் தொடர்வேன். ப்ரொபேஷனில் இருப்பவள் கேள்வி கேட்டால் மதிப்பெண் குறையும் என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தேன்.

மூன்று நாள் மல்லுக்கட்டினேன். நான்காம் நாள் எனக்கு ஞானம் பிறந்தது. எட்டை எடுத்துவிட்டால் என்ன? ரிஜிஸ்டரைப் படிக்கும் வேலையையே தூக்கிக் கடாசிவிட்டு, ஈ-யும் ஏழு சைபரும் என்று என் கையாலேயே புரோகிராமில் எழுதினேன். பக்கத்தில் "தற்காலிகம், பிறகு சரிசெய்யவும்" என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பும் போட்டேன். ஓட்டிப் பார்த்தால் ஜோராக ஓடியது. அந்த "பிறகு" வரவே இல்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

அன்று சாப்பிடும்போது செந்தில் கேட்டார். "அந்த எட்டு என்னன்னு ஆரையாச்சும் கேட்டயா, புள்ள?"

"கேக்காமயே முடிச்சுப்போட்டனுங்க."

"அதானே. நீ ஆரக் கேட்ட!"

அவருக்கு அனுபவம். போன மாதம்தான், கடக்வாஸ்லா அணைக்கு எனக்கு வழி தெரியும் என்று பைக்கின் பின்னால் உட்கார்ந்து கை காட்டிக் காட்டி, அவரை நேராக ராணுவப் பயிற்சிக் கல்லூரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன். காவலுக்கு நின்றவர் எங்களைத் திருப்பி அனுப்பியபோதும் "இல்லீங்க, இந்தப் பக்கமாத்தான் இருக்கோணும்" என்று வாதாடியவள் நான்.

இந்த இடத்தில் காளேயை அறிமுகப்படுத்த வேண்டும். எங்கள் அலுவலகத்தில் மின்சாரம், டீ மெஷின், கூரியர் எல்லாம் அவர் பொறுப்பு. போபோடியிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். கூரியருக்கு யாராவது விலாசம் சொன்னால், பேனா மூடியைத் திறக்காமல் முதலில் ஒரு கேள்வி கேட்பார்: "தேக் கே போல் ரஹே ஹோ, யா யாத் ஸே?" பார்த்துச் சொல்கிறீர்களா, ஞாபகத்திலிருந்து சொல்கிறீர்களா? ஒருமுறை மேனேஜர் ஞாபகத்திலிருந்து சொன்ன விலாசத்துக்குப் போன பார்சல் நாசிக்கைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்ததாம். அன்றிலிருந்து இந்தக் கேள்வி.

மூன்று வாரம் கழித்து வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் நேரிலேயே பார்க்க வந்தார்கள். ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை. பிடித்தால் வேலை புனேயில் இருக்கும், இல்லாவிட்டால் எங்கள் ஐந்து பேர் டீமைக் கலைத்துவிடுவார்கள் என்று மேனேஜர் முதல் நாளே சொல்லிவிட்டார். நான் காலையில் ஏழு நிமிடப் பேச்சை மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது, என் கணினியைக் கூட்ட அறைக்கு மாற்றிய காளே வந்து ஏதோ சொன்னார்.

"மேடம், ப்ரொஜெக்டர் வயர் இந்த மெஷினில் சேரவில்லை. ஸ்டோரில் ஒரு டிஸ்ப்ளே கார்டு இருந்தது, அதைச் செருகிவிட்டேன்."

"டீக் ஹை, டீக் ஹை" என்று அவரைக் கையால் விரட்டினேன்.

பதினொரு மணி. கதவைச் சாத்தினார்கள். நான் பேசி முடித்துச் சோதனையை ஓட்டினேன். பொய்க் கணினி, கார்டின் நினைவகம் முழுக்க எண்களை எழுதி, திரும்பப் படித்து, ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். அதுதான் சோதனை. அழுத்தினேன்.

சுவரில் சோலாப்பூர் போர்வை விரிந்தது.

சிவப்புப் பட்டை, பச்சைப் பட்டை, ஊதாப் பட்டை. நான் அழகாகத் தயாரித்து வைத்திருந்த படங்களின் மேல் கோடு கோடாக ஓடியது. நான் அவசரமாக என் லேப்டாப்பைப் பார்த்தேன். சோதனையின் முடிவு ஒரு வயர் வழியாக அதில் வரும். அங்கே வரிசையாக "பாஸ், பாஸ், பாஸ்". ஒன்றுகூடத் தோல்வி இல்லை! எனக்கு உயிர் வந்தது. என் வேலை சுத்தம். கெட்டுப்போனது வேறு ஏதோ.

"ப்ரொஜெக்டர் ரிப்பேர்" என்று சபையில் அறிவித்தேன்.

மேனேஜர் காளேயைக் கூப்பிட்டார். காளே இரண்டாவது ப்ரொஜெக்டரைத் தூக்கி வந்து, மேஜை மேல் ஏறி, மாட்டினார். அதே போர்வை. "இதுவும் ரிப்பேர்" என்றேன். சுலபா என்னவோ சொல்ல வாயெடுத்தார். நான் என் லேப்டாப்பைத் திருப்பி அவர் முகத்துக்கு நேரே காட்டினேன். பாஸ்! (பாஸ் என்று வந்த பிறகு மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்?) வயரை மாற்றச் சொன்னேன். ப்ளக் பாயிண்டை மாற்றச் சொன்னேன். ஜன்னல் திரையை இழுத்து மூடச் சொன்னேன். அதற்கும் பட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விருந்தாளிகளுக்கு இரண்டாவது முறையாக டீ வந்தது. கீழ்மாடியிலிருந்து மூன்றாவது ப்ரொஜெக்டர் வந்தது.

சிவப்பு, பச்சை, ஊதா.

மேஜை மேல் நின்றபடியே காளே கேட்டார். "மேடம், மூணு பேருக்கும் ஒரே நாளில் ஒரே காய்ச்சலா வரும்?"

யாரும் சிரிக்கவில்லை. நெட்டை விருந்தாளி முதல்முறையாக வாயைத் திறந்தார். கோபமே இல்லாமல், எங்கள் கார்டின் நினைவகம் எந்த முகவரியில் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

எனக்கா தெரியாது? கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தேன். "ஈ, சைபர், சைபர், சைபர்..." ஏழு சைபரையும் மூச்சுவிடாமல் சொன்னேன்.

அட்ரஸ் என்ற சொல் காதில் விழுந்ததோ இல்லையோ, பழக்க தோஷத்தில் மேஜை மேலிருந்து கேள்வி வந்தது.

"மேடம், தேக் கே, யா யாத் ஸே?"

காலையில் அவர் சொன்னது அப்போதுதான் என் காதுக்குள் போனது. டிஸ்ப்ளே கார்டு. புதிதாக ஒரு கார்டு வந்தால், கணினி ஆன் ஆகும்போது எல்லோருக்கும் மறுபடி இடம் பிரித்துக் கொடுக்கும். மூன்று வாரத்தில் முதல்முறையாக ரிஜிஸ்டரைத் திறந்து படித்தேன். எங்கள் கார்டு எஃப்-பில் தொடங்கும் முகவரிக்குப் போயிருந்தது. ஈ-யில் உட்கார்ந்திருந்தது காளே செருகிய டிஸ்ப்ளே கார்டு. நான் எழுதிய எண்கள் அத்தனையும் நேராகத் திரைக்குப் போயிருக்கின்றன. அதுவும் நினைவகம்தானே, எழுதியதை அப்படியே திருப்பியும் கொடுத்திருக்கிறது. அதனால்தான் பாஸ்.

ஓடிவிடலாமா என்று தோன்றியது. கதவுக்கும் எனக்கும் நடுவில் மேஜையும் அதன் மேல் காளேயும் இருந்தார்கள். சரி, தப்பு செய்யக் காட்டிய பிடிவாதத்தில் பாதியையாவது அதைத் திருத்தக் காட்டுவோம் என்று முடிவு செய்தேன்.

"ப்ரொஜெக்டர்கள் மேல் தப்பில்லை. தப்பு என்னுடையது. அரை மணி நேரம் கொடுங்கள்" என்றேன். பிறகு சுலபா பக்கம் திரும்பி, மூன்று வாரமாகத் தொண்டையில் நின்ற கேள்வியைக் கேட்டேன். "அந்தக் கடைசி எட்டு என்ன?"

"அக வேடே!" என்றார் சுலபா. அடி பைத்தியமே என்று அர்த்தம். "அது முகவரியே இல்லை. இது எந்த வகை நினைவகம் என்று கார்டு வைத்திருக்கும் குறி. ரிஜிஸ்டரைப் படித்து, கடைசி நாலு பிட்டை, அதாவது அந்த எட்டு இருக்கும் இடத்தை, அழித்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்."

முடிந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இதற்காகவா மூன்று நாள்!

கணினியை மறுபடி ஆன் செய்து, எல்லோர் முன்னாலும் திருத்தினேன். நான் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும், எழுத்துப் பிழையும், சுவரில் தெரிந்தது. "தற்காலிகம், பிறகு சரிசெய்யவும்" என்ற வரி முழ நீளத்துக்கு வந்து நின்றபோது குட்டை விருந்தாளி அதைச் சத்தமாக வாசித்தார். அழித்தேன். நான்கு வரி புதிதாக எழுதினேன். சோதனையை ஓட்டினேன். சுவரில் என் படங்கள் சலனமில்லாமல் நின்றன. லேப்டாப்பில் பாஸ். இந்த முறை நான் அதை நம்பவில்லை. வேறு எண்களைப் போட்டு இன்னும் இரண்டு முறை ஓட்டினேன். கார்டை வேறு இடத்தில் மாற்றிச் செருகும்படி காளேயை நானே கேட்டுக்கொண்டு, நான்காவது முறையும் ஓட்டினேன்.

வேலை புனேயிலேயே இருந்தது. இதே தப்பைத் தானும் செய்திருப்பதாகவும், ஆனால் ஒருநாளும் மூன்று ப்ரொஜெக்டர்களைக் குற்றம் சாட்டியதில்லை என்றும் நெட்டை விருந்தாளி கைகுலுக்கும்போது சொன்னார். என் ப்ரொபேஷன் மட்டும் மூன்று மாதம் நீண்டது. மாமனாரும் பெருந்தன்மையோடு கெடுவை மூன்று மாதம் நீட்டினார்.

செந்திலிடம் நடந்ததைச் சொன்னது என் இரண்டாவது பெரிய தப்பு. அன்றிலிருந்து பால் பாக்கெட் தேதி சொன்னாலும், பஸ் நம்பர் சொன்னாலும் வீட்டில் காளேயின் அந்தக் கேள்விதான். மகள் பிறந்து, பேசக் கற்று, தமிழில் பாதியும் மராட்டியில் பாதியுமாகப் பேசினாலும் இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பிசிறில்லாமல் இந்தியில் சொல்வாள்.

சமீபத்தில் அவள் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். "அம்மா, நிரந்தர முகவரி?" என்றாள். நான் அடுப்படியிலிருந்தே காந்திபுரம் கடை விலாசத்தைக் கதவு எண்ணோடு ஒப்பித்தேன். அவள் எழுதவில்லை.

"தேக் கே, யா யாத் ஸே, அம்மா?"

செந்தில் சிரித்தார். நான் கரண்டியோடு ஹாலுக்கு வந்தேன். அந்தக் கடையை விற்று மூன்று வருடம் ஆகிறது. இப்போது அங்கே செல்போன் ரிப்பேர் செய்கிறார்கள். எங்களைப் பெட்டி கட்டி வரச் சொன்ன மனிதர் ஆகுர்டியில் எங்கள் ஹாலில், மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நல்ல நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் மாமனார் சொன்னார். "ஆகுர்டின்னே எழுது கண்ணு. நான் பாத்துத்தான் சொல்றேன்."